நிரப்பாத குறுக்கெழுத்து

அத்தியாயம் 14

காலை ஏழு மணிக்கு வர வேண்டிய போன் இரண்டாவது நாளாக வரவில்லை.

அபிக்கே அதைக் கவனித்தபோது மணி ஏழே முக்கால். இபாடன் நகரத்து ரிங் ரோட்டில் 'லாந்தர்' பத்திரிகை அலுவலகத்தின் மூன்றாவது மாடி. கரண்ட் போய், ஜெனரேட்டரை யார் போடுவது என்று கீழே இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நின்றுபோன மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அவள் போனையே பார்த்தாள். நேற்றும் வரவில்லை. நேற்று அதை நினைக்கக்கூட நேரமில்லாமல் போனது.

தினமும் அந்த நேரத்துக்கு அழைப்பவர் அவளுடைய சொந்த ஊரான ஒகே-இலுவாவின் அரசர். கபியேசி என்றுதான் ஊரே சொல்லும்; பெயர் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. எண்பத்தொரு வயது. அரியணை ஏறும் முன் பள்ளித் தலைமையாசிரியர். அந்த அறுபத்தெட்டு வயதுப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள் இன்னும் ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான்.

"நாலாம் பக்கத்துல எழுபத்திரெண்டுல வெள்ளம்னு போட்டிருக்கியே மகளே, அந்த வருஷம் அந்த ஆத்துல முழங்கால் தண்ணி கிடையாது. யாரு எழுதினது?" என்பார். அபிக்கே மன்னிப்புக் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே போனை வைப்பார். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் தப்பைத் திருத்தாமல் விட்டுவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

போன வாரம் ரெமி கோக்கர் சொன்னது இன்னும் அவள் காதில் இருந்தது. ரெமி, முதலாளியின் மகள். முப்பத்துநாலு வயது. லண்டனில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாக நிர்வாகம் பார்க்கிறாள். "ஆண்ட்டி, உங்க இணையப் பிரிவுல நீங்க பதினொரு பேர். உங்க தம்பி ஒருத்தன், ஒரு லேப்டாப். அவனைத் தினமும் மூணு லட்சம் பேர் படிக்கிறாங்க. நம்ம இணையதளத்தைப் பதினெட்டாயிரம் பேர். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பெரிய செய்தியிலாவது அவனை முந்துங்க. இல்லேன்னா உங்க பிரிவை மூடிட்டு அவனையே கூப்பிட்டு உட்கார வெச்சிடலாம்னு அப்பா சொல்றார்." 'ஆண்ட்டி' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே வேலையைப் பறிக்கத் தெரிந்த பெண். மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தம்பி டாரேயை லாந்தரில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டவளே அபிக்கேதான். இரண்டு வருஷத்தில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு ப்ளாக் தொடங்கினான். 'அட்டரோடோ' என்று பெயர், சந்தையில் விற்கிற குண்டு மிளகாய். இதை வலைப்பூ என்று சொல்ல அபிக்கேக்கு வாய் கூசும். அவள் ஆட்கள் மூன்று நாள் அலைந்து எழுதுவதை அவன் பத்து நிமிஷத்தில் நாலு வரியாக்கி, மேலே ஒரு நக்கல் தலைப்பு வைத்து, ஊரையே அங்கே கூட்டிவிடுவான்.

ஜெனரேட்டர் உறுமியது. அதே நேரம் போனும் அடித்தது. கபியேசி இல்லை. ஒகே-இலுவாவில் பேப்பர் போடும் லாமிடி.

"மேடம், ஒரு சங்கதி. சொல்றதா வேண்டாமான்னு தெரியலை."

"சொல்லுங்க பாபா."

"அரண்மனையிலேர்ந்து நேத்துப் பேப்பரை வழக்கம்போலத் திருப்பிக் குடுத்தாங்க. என் சம்சாரம் அகாரா வடை மடிக்க எடுக்கும்போது பாத்தா... குறுக்கெழுத்துல ஒரு கட்டம்கூட நிரப்பலை. இருபத்திரெண்டு வருஷமா நான் போடறேன் மேடம். ஜுரத்துல கிடந்தப்பகூட நடுங்குற கையால நிரப்பித்தான் அனுப்பினார்."

அபிக்கே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க பாபா" என்று மட்டும் சொன்னாள்.

"நான் என்னத்தைச் சொல்லப் போறேன்? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று லாமிடி போனை வைத்தார். அந்தக் குரல் உடைந்திருந்தது.

அடுத்து அவள் மாமாவை அழைத்தாள். அம்மாவின் தம்பி. அரசவையின் ஏழு தலைவர்களில் ஒருவர். சாதாரண நாளில் போனை எடுத்தால் அரைமணி நேரம் வைக்கமாட்டார்.

"மாமா, கபியேசி எப்படியிருக்கார்?"

"நல்லா இருக்கார். சாப்பிட்டார். நீ வேலையைப் பாரு."

அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. அவளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஒகே-இலுவாவில் அரசர் சாவதில்லை. உள்ளே செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் வரை அவர் நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார். முடிந்த பிறகு, அவர் கூரையேறிவிட்டார் என்று தலைவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் வாய்திறப்பவர் யாராக இருந்தாலும், அந்த வீட்டோடு ஊர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது. இது அபிக்கேக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. அம்மாவின் முதுகில் கட்டப்பட்டுச் சந்தைக்குப் போன நாளிலிருந்து தெரியும்.

அவள் அழவில்லை. இருபத்துமூன்று வருஷப் பழக்கம், கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. அவர் பள்ளியில் அடித்த மணியிலிருந்து கட்டிய ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் ஒன்பதரைக்குள் எழுதி முடித்தாள். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். தலைவர்கள் சொல்லும்வரை அதை விரலால்கூட எழுதக்கூடாது. வரைவாகச் சேமித்துவிட்டு, கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தாள். உடம்பு முழுவதும் யாரோ அடித்துப்போட்டது போலிருந்தது.

பத்து மணிக்கு அம்மா.

"அபிக்கே, சும்மாத்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோ வெச்சுக் கேளுன்னு உங்க மாமா சொல்லச் சொன்னான். ஏன் எதுக்குன்னு கேக்காதே."

"கேக்கலைம்மா."

"நாளையிலேர்ந்து ஒன்பது நாளைக்குச் சந்தை கிடையாதாம். கிழங்கு மாவு வாங்கிக்க நாளைக்கு வரேன்னான் டாரே. வராதேடா, சந்தை மூடியிருக்கும்னு அவன்கிட்டயும் இப்பத்தான் சொன்னேன்."

அபிக்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா ஒகே-இலுவா சந்தைப் பெண்களின் துணைத் தலைவி. முப்பது வருஷமாகக் காய்ந்த மிளகாயும் கிழங்கு மாவும் விற்கிறாள். சந்தை மூடப்போவது அவளைப் போன்ற மூன்று நாலு பேருக்குத்தான் முன்கூட்டித் தெரியும். விஷயம் வெளியே போனால் யார் வாயிலிருந்து போனதென்று கண்டுபிடிக்க அரண்மனைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

"அம்மா, அவன்கிட்ட ஏம்மா சொன்னே?"

"பெத்த பிள்ளையைக் கதவு மூடின சந்தைக்கு வரச்சொல்லி அலையவிடவா?" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

டாரே முதல் மணியிலேயே எடுத்தான்.

"கும்பிடறேன் அக்கா. உன் போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். சந்தை ஒன்பது நாள் எதுக்கு மூடுவாங்கன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"போட்டுட்டியா?"

"எழுதி வெச்சிருக்கேன். நீ?"

"நானும் எழுதி வெச்சிருக்கேன்."

ஒரு வினாடி இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். சோர்ந்த சிரிப்பு.

"அக்கா, நீ எழுதி என்ன பிரயோஜனம்? உங்க லாந்தரைத் திறந்தா செய்திக்கு முன்னால பதினாலு விளம்பரம் குதிக்குது. ஜனங்க கையில இருக்கற போனுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள டேட்டா காலி. என்னைத் தொட்டா திறக்கும். அதான் வித்தியாசம். நீ நெனைக்கற மாதிரி நான் ஒண்ணும் பெரிய திருடன் இல்லை."

"நீ திருடன்தான். அதை அப்புறம் பேசலாம். ஆறு மணி வரைக்கும் போடாதே டாரே. அம்மாவோட கடை போயிடும்."

தன் சின்ன ஜெனரேட்டரின் படபடப்புக்கு மேலே டாரே குரலை உயர்த்தினான்.

"லாகோஸ் ப்ளாக்காரனுங்க மோப்பம் பிடிச்சிட்டா?"

"அவங்க போட்டா அது அவங்க பாவம். அம்மா பேரு வராது."

"நான் நிறுத்திவெச்சா நீ போட்டுட மாட்டியே? ரெமி உன் கழுத்துல கத்தி வெச்சிருக்கான்னு எனக்கும் தெரியும்."

"ஆறு மணி வரைக்கும் லாந்தர்ல வராது. அம்மா மேல சத்தியம்."

"சரி. எனக்கும் அம்மா மேல சத்தியம்" என்றான் டாரே. "இதுவரைக்கும் நான் எதையும் இவ்வளவு நேரம் அடக்கிவெச்சதில்லை அக்கா."

பதினொன்றரைக்கு ரெமி வந்தாள். வரைவு அவள் கண்ணில் பட்டுவிட்டது. நிர்வாகிக்கு எல்லா வரைவும் தெரியும்படி போன மாதம்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"ஆண்ட்டி, இது நிஜமா?"

"உறுதி பண்ண ஆள் இல்லை மேடம். ஆறு மணிக்குத் தலைவர்கள் சொல்வாங்க."

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியறது வேற, பத்திரிகை சொல்றது வேற. லாந்தர் இந்த மாதிரிச் செய்தியை அரண்மனைக்கு முன்னால சொன்னதே இல்லை. உங்க தாத்தா போட்ட வழக்கம்."

"தாத்தா காலத்துல போட்டி யாரு? இன்னொரு பத்திரிகை. அவனும் ஆறு மணி வரைக்கும் காத்திருந்தான். இப்ப யாரு காத்திருக்கா?" ரெமி குரலை உயர்த்தவில்லை. சொல்வதில் நியாயம் இருப்பது அபிக்கேயை இன்னும் களைப்பாக்கியது.

"ஒருத்தன் காத்திருக்கான் மேடம்" என்றாள்.

ரெமிக்கு அது புரியவில்லை. "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க ஆண்ட்டி. முகமே சரியில்லை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அபிக்கே உண்மையிலேயே சாப்பிடப் போனாள். அது அவள் செய்த தப்பு. தெருமுனைக் கடையில் அமாலாக் களியும் கீரைக் குழம்பும் வாங்கி, நாலு கவளத்துக்கு மேல் இறங்காமல் கையைக் கழுவிக்கொண்டு, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திரையில் லாந்தரின் முகப்பு. 'அதிர்ச்சி! ஒகே-இலுவா அரசர் மரணம்!' கீழே அவள் எழுதிய வரிகள், ஒரு எழுத்து மாறாமல். அதற்கும் கீழே அவள் பெயர். பக்கத்தில் படித்தவர் எண்ணிக்கை தொண்ணூறாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"முந்திட்டோம் ஆண்ட்டி!" என்றாள் ரெமி. அவள் கண்ணில் நிஜமான சந்தோஷம். "உங்க பிரிவு பிழைச்சுது. பதினொரு பேரோட வேலையும் பிழைச்சுது. பேரை உங்களுக்கே குடுத்துட்டேன், எனக்கு வேண்டாம்."

"இறக்குங்க மேடம்."

"எதுக்கு? இறக்கினா மட்டும்? இந்நேரம் ஊர் முழுக்கப் படம் எடுத்து அனுப்பிட்டாங்க."

அது உண்மை. அபிக்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். கைதட்டியவர்களில் இரண்டு பேர் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள். அவர்கள் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத வெளிச்சம். அவர்களிடம் என்ன சொல்வது? டாரேக்கு நாலு தடவை அடித்தாள். அவன் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அம்மா அழைத்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"கடைக் கதவுல பனங்குருத்து கட்டிட்டுப் போயிட்டாங்க."

அந்தக் குருத்தைக் கட்டினால் கட்டியவர்கள் அவிழ்க்கும்வரை கடைக்காரியே கதவைத் தொடக்கூடாது.

"வியாழக்கிழமை தலைவர்கள் முன்னால வந்து நிக்கச் சொல்லியிருக்காங்க. துணைத் தலைவிப் பட்டம் அன்னிக்கே போயிடும்னு பேசிக்கறாங்க. உங்க மாமா என் முகத்தைப் பாக்கலை. என் தம்பி, அபிக்கே. நான் தூக்கி வளர்த்தவன்."

"அம்மா, நான் போடலைம்மா."

"உன் பேர் இருக்கே."

"எனக்குத் தெரியாம என் பேரைப் போட்டுட்டாங்க."

"உனக்குத் தெரியாம உனக்குப் பேர் வெக்க நீ என்ன எட்டு நாள் குழந்தையாடி?" என்றாள் அம்மா.

அபிக்கே கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நான் கிளம்பி வரேன்" என்றாள்.

"வராதே. இன்னிக்கு இருட்டினா சடங்கு, பொம்பளைங்க யாரும் வெளியில தலைகாட்டக் கூடாது. நீ வந்து அதையும் மீறிடாதே."

ஆறு மணிக்கு ரேடியோ சொன்னது. கபியேசி கூரையேறிவிட்டார். அலுவலகத்தில் யாரும் காது கொடுக்கவில்லை; அவர்களுக்கு அது பழைய செய்தி. அபிக்கே மட்டும் எழுந்து நின்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இனிமேல் வெள்ளம் எந்த வருஷம் என்று கேட்க ஆள் இல்லை.

அட்டரோடோவைத் திறந்தாள். ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு டாரே போட்டிருந்தான். ஒரே வரி, நக்கல் இல்லாமல். கீழே வாசகர்கள் அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். 'தூங்கிட்டியா தம்பி?' 'லாந்தரே முந்திடுச்சு, நீ போய் மிளகாய் வித்துக்கோ.' 'கிழவிங்க பத்திரிகைகிட்ட தோத்துட்டான்.' எல்லாருக்கும் கடைசியில் வந்தவன் அவள் தம்பிதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் லேப்டாப் பையோடு டாரே வந்து நின்றான். ஒகாடா வாடகை பைக்கில் வந்த புழுதி தலையெல்லாம். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். தான் பயிற்சி பெற்ற பழைய நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரில் போட்டுக்கொண்டான்.

"சத்தியம் பண்ணினவ" என்றான்.

"டாரே, நான்..."

"தெரியும். மத்தியானம் தலைப்பைப் பாத்ததும் போனைச் சுவத்துல எறியலாம்னு தோணிச்சு. அப்புறம் திரும்பப் படிச்சேன். நம்ம ஊர்ப் பொண்ணு யாராவது அரசர் 'மரணம்'னு எழுதுவாளா? கையைச் சுடும். அதுவும் ரெண்டு ஆச்சரியக்குறி. ஒண்ணு போட்டதுக்கே என்னை மூணு மாசம் திட்டினவ நீ."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் ஏண்டா போனை எடுக்கலை?"

"கோபம் போகலை. இப்பவும் போகலை. ரெமி கண்ணுல படற இடத்துல எழுதி வெச்சியே, உன்னை என்ன சொல்றது?" பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவள் முன்னால் திறந்துவைத்தான். அட்டரோடோவின் உள்பக்கம். காலிப் பெட்டி. "எழுது."

"என்னத்தை?"

"யாரு பட்டனை அழுத்தினாங்கன்னு. உனக்குச் சேதி வந்தது வேற வழியில, அம்மா மூலமா இல்லைன்னு. சொன்னவங்க பேரைச் சொல்லாதே. லாந்தர்ல எழுதினா ரெமி ரெண்டு நிமிஷத்துல தூக்கிடுவா. இங்க எவனும் தூக்க முடியாது. நான் காலையில முதல் வண்டிக்கு ஊருக்குப் போறேன். விடியறதுக்கு முன்னாலன்னாலும் ஆம்பளைங்க போகலாம். மாமா கையில போனைக் குடுத்துப் படிக்க வெக்கறேன்."

"இதை எழுதினா நாளைக்கு எனக்கு இந்த நாற்காலி இருக்காது."

"இருக்காது."

"உன்னைக் கூப்பிட்டு உட்கார வெப்பாங்க. தெரியுமா?"

"தெரியும். போன வாரமே ரெமி போன் பண்ணிட்டா" என்றான் டாரே, தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னும் நான் பதில் சொல்லலை."

அபிக்கேக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. கேட்கத் தெம்பு இல்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எழுதுவதற்கு இருபது நிமிஷம் ஆனது. 'அந்தச் செய்தியை நான் வெளியிடவில்லை' என்று தலைப்பு. யாரையும் திட்டவில்லை. எப்போது எழுதினாள், எங்கே சேமித்தாள், எப்போது சாப்பிடப் போனாள், திரும்பி வந்தபோது என்ன பார்த்தாள், அவ்வளவுதான். அரண்மனையிடம் மன்னிப்பு. கடைசியில், தனக்குச் சொன்னது தன் தாய் இல்லை என்ற ஒரு வரி. கீழே முழுப் பெயர்.

"தப்பு ஏதாவது இருக்கா பாரு" என்றாள்.

டாரே படித்தான். "இல்லை. ஆனா கமெண்ட்ல கிழிப்பாங்க அக்கா. எங்க ஆளுங்களுக்கு இரக்கம் கிடையாது."

"படிப்பாங்க இல்லையா?"

"வரிக்கு வரி படிப்பாங்க."

அன்று முழுவதும் அவள் அழுத்தாமல் வைத்திருந்த 'வெளியிடு' பட்டன் அது. அழுத்தினாள். ஓரத்தில் எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது, பிறகு பன்னிரண்டு, பிறகு நூறைத் தாண்டியது.

போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக ஏழு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முதுகு பழைய பழக்கத்தில் நிமிர்ந்தது. என்ன தப்பு விட்டிருப்பேன் என்றுகூட நினைத்துவிட்டாள்.

திரையில் ரெமி கோக்கர் என்று இருந்தது. டாரே தலையை ஆட்டினான், எடுக்காதே என்று.

அபிக்கே எடுத்தாள். ஆறு மாதமாக வாய் நிறைய 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு முதல் தடவையாகத் தன் வயதை நினைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா ரெமி" என்றாள்.